மறு: கிளிப்பிங்குக்குத் தமிழ்ச்சொல்: "முட்டல்" என்று வைக்கலாமுங்களா?

எல்லாருக்கும் வணக்கமுங்க.

வெளிச்சத்தைக் குறிக்கும் எண் தன் உச்சத்திலோ அடியிலோ போய் நின்றுவிட்டு, அதைத் தாண்டிய விவரம் தொலைந்துபோவதைத்தான் படமெடுப்பவர்கள் ஆங்கிலத்தில் கிளிப்பிங் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டதற்கு வெளிறல், வெளுப்பு, வழிதல், வெட்டுப்படல், தலைதட்டல் என்று இதுவரை ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. ஐந்துமே யோசித்து வைத்தவைதான். ஆனால் ஒரு கேள்வியை முதலில் தீர்த்துக்கொண்டால் மற்றவை தாமாக ஒழுங்குக்கு வரும். நாம் பெயர் வைக்கப்போவது படத்தில் கண்ணுக்குத் தெரியும் தோற்றத்துக்கா, கேமராவுக்குள் எண்ணுக்கு நேர்கிற கதிக்கா? என் கட்சி இரண்டாவது.

> உச்சி வெயிலில் எடுத்தால் காங்கேயம் காளையின் முதுகு வெள்ளைத்தாள் மாதிரி ஆகிவிடுகிறதே, அதைத்தானே சொல்கிறோம்? ‘வெளிறல்’ போதாதா?

போதாதுங்க. அந்தியூர் ஆடிச் சந்தையில் அப்படி எடுத்த ஒரு காளைப் படம் ரா கோப்பாக (கேமராவின் உணரி, அதாவது சென்சார், பதிந்த எண்களை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக) இருந்தால், கணினியில் திறந்து வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். சில மென்பொருள்களில், சில அமைப்புகளில், அந்த முதுகு இளஞ்சிவப்பாகத் தெரியும். காரணம் இதுதான். 1976இல் கோடாக்கைச் சேர்ந்த பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற நிற வடிகட்டி அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. அதில் உணரியின் கட்டங்களில் (பிக்சல்களில்) பாதி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். பகல் வெளிச்சத்தில் பச்சைக் கட்டங்கள்தான் பெரும்பாலும் முதலில் உச்சத்தைத் தொடுகின்றன. பிறகு வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவதற்காக மென்பொருள் சிவப்பையும் நீலத்தையும் பெருக்குகிறது. பச்சையோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. சிவப்பும் நீலமும் அதைத் தாண்டிப் போய்விட, வெள்ளைக் காளைக்கு இளஞ்சிவப்பு முதுகு வந்துவிடுகிறது. பெரும்பாலான மென்பொருள்கள் இதைச் சரிக்கட்டிக் காட்டுவதால் நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். வெளிறல் என்று பெயர் வைத்தால் இந்த இளஞ்சிவப்பை எப்படிச் சொல்வது?

இன்னும் தெளிவான சாட்சி பண்ணாரி அம்மன் கோயில் தீமிதி. பங்குனிக் குண்டத்தில் அதிகாலை இருட்டில் கங்கு சிவக்கச் சிவக்கக் கிடக்கும். படத்தில் பார்த்தால் மஞ்சளாக இருக்கும். எடுத்தவர் நிறம் தப்பாக வந்துவிட்டது என்று வெள்ளைச் சமநிலையைத் திருகிக்கொண்டிருப்பார். அங்கே நடந்தது வேறு. ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரைதான் இடம். சிவப்பு 255இல் போய் நின்றுவிட்டது. பச்சை மட்டும் மேலே ஏறிக்கொண்டே வந்தது. சிவப்போடு பச்சை சேரச் சேர மஞ்சள். கங்கு வெளிறவில்லை, நிறம்தான் மாறியது. அதே படத்தில் ஓரமாக நிற்கிறவர்களின் தலைமுடியும் வேட்டிக்குப் பின்னால் இருக்கும் இருட்டும் 0இல் படுத்துக் கிடக்கும். அதுவும் கிளிப்பிங்தான். ஆங்கிலத்தில் இரண்டு முனைக்கும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். நம் சொல்லும் இரண்டு முனைக்கும் பொருந்த வேண்டும்.

ஈரோட்டு மஞ்சள்தூளை வெயிலில் வைத்து எடுக்கிறவர்களுக்கும் இதே தொல்லைதான். தூளில் இருக்கும் அந்தச் செம்மஞ்சள் போய் எலுமிச்சை நிறம் வந்துவிடும். கடைக்காரர் பார்த்தால் இது நம்ம சரக்கில்லை என்பார்.

‘வெளுப்பு’ திருப்பூர் நண்பர் சொன்னது. மேலே சொன்ன காரணமே அதற்கும் பொருந்தும். தவிர, சலவைப்பட்டறையும் சாயப்பட்டறையும் இருக்கிற ஊரில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது.

‘வெட்டுப்படல்’ வேண்டாம். படத்தின் ஓரத்தை வெட்டுவதற்கு அந்தச் சொல்லை எல்லாரும் பழகிவிட்டார்கள்.

‘வழிதல்’ நல்ல சொல். ஆனால் அதை வேறொன்றுக்குப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும் என்பது என் கருத்து. பழைய சிசிடி வகை உணரிகளில் ஒரு கட்டம் நிறைந்தால் அதன் மின்னேற்றம் உண்மையாகவே பக்கத்துக் கட்டங்களுக்குள் இறங்கும். படத்தில் விளக்கிலிருந்து மேலும் கீழுமாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். வானியல் படம் எடுக்கிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆங்கிலத்தில் அதற்கு புளூமிங் என்று தனிப்பெயர். வழிதல் என்பது அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. கிளிப்பிங்கில் எதுவும் வழிவதில்லை. மிச்சம் கணக்கிலேயே வராமல் போகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. கட்டம் நிறைவதால் மட்டும்தான் கிளிப்பிங் வரும் என்றில்லை. ஐஎஸ்ஓவை, அதாவது உணரி தரும் குறிப்பைப் பெருக்கும் அளவை, உயர்த்தினால் கட்டம் பாதி கூட நிறைவதற்கு முன்பே எண்ணாக மாற்றும் இடத்தில் உச்சம் வந்துவிடும். 14 பிட் கேமராவில் எண்கள் 0 முதல் 16,383 வரை. ஐஎஸ்ஓ இரட்டிப்பானால் பாதி வெளிச்சத்திலேயே அந்த 16,383 வந்துவிடுகிறது. ஆகவே நிறைதல், ததும்பல் போன்ற சொற்களும் முழுக் காரணத்தைச் சொல்வதில்லை.

இனி கோபி அக்கா சொன்ன ‘தலைதட்டல்’. ஐந்திலும் என் மனசுக்கு நெம்பப் பிடித்தது இதுதான். வள்ளத்தில் தவசம் அளக்கும்போது குவிந்து நிற்பதைக் கையால் வழித்துத் தட்டிவிடுவோமே, மேலே எவ்வளவு குவிந்திருந்தாலும் தட்டிய பிறகு எல்லாம் ஒரே அளவு. கிளிப்பிங்கின் விளைவை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது. ஆனால் பண்ணாரிப் படத்தின் இருட்டுப் பக்கத்துக்கு இது வராது. கீழே தட்டுவதற்குத் தலை இல்லை.

அதனால் என் முன்மொழிவு: முட்டல்.

வயிறு முட்டச் சாப்பிட்டான், மூச்சு முட்டுது, முட்டுச்சந்து. இந்த மூன்றிலும் இருக்கும் கருத்து, இதற்கு மேல் போக இடமில்லை என்பது. எண்ணுக்கு நேர்வது சரியாக அதுதான். வினையாகவும் நாக்கில் புரள்கிறது: "சிவப்பு முட்டிருச்சு, அரை ஸ்டாப் கொறச்சுக்கோங்க." (ஸ்டாப் என்பது வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும் அல்லது பாதியாக்கும் ஒரு படி.) வேறு எந்தச் சொல்லை வைத்தும் இந்த வாக்கியத்தைக் குண்டத்து ஓரத்தில் நின்றுகொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். மேல்முட்டல், கீழ்முட்டல் என்று இரண்டு முனையையும் பிரிக்கலாம். ஒலிப்பதிவில் சத்தம் உச்சத்தில் போய்க் கரகரப்பதும் இதே நிகழ்ச்சிதான், அங்கேயும் இதே சொல் போதும்.

கல்யாண வீடியோக்காரர்கள் வழக்கில் ‘ஓவர் ஆயிருச்சு’, ‘பர்ன் ஆயிருச்சு’ இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஓவர் என்பது வேறு. வால்பாறை மூடுபனியைத் தேவைக்கு மேல் வெளிச்சமாக எடுத்தாலும் ஒரு எண்கூட முட்டாமல் இருக்கலாம். படம் மொத்தத்தில் சரியாக இருந்து, ஒரு பித்தளைக் குடத்தின் பளபளப்பு மட்டும் முட்டியிருக்கலாம். முன்னது கணினியில் சரியாகிவிடும். பின்னது மூன்று நிறமும் முட்டியிருந்தால் எந்த மென்பொருளாலும் திரும்பி வராது. பிலிமில் இந்த வேறுபாடு இவ்வளவு கூர்மையாக இல்லை. நெகட்டிவ் பிலிம் உச்சத்தை நெருங்க நெருங்க மெதுவாகத்தான் அடங்கும், சட்டென்று நிற்காது. ஸ்டுடியோக்காரர்களிடமிருந்து இதற்கொரு சொல் நமக்கு வராததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

அன்புடன்,
சத்தியமங்கலத்திலிருந்து

——

> கீழே தட்டுவதற்குத் தலை இல்லை.

தம்பி, தலை இல்லாட்டி என்ன, தரை இருக்கே! ஆழம் போதாமல் கப்பல் நின்றால் தரைதட்டியது என்றுதானே செய்தித்தாளில் எழுதுகிறார்கள்? மேலே தலைதட்டல், கீழே தரைதட்டல். பொதுவாகச் சொல்ல வேண்டுமானால் தட்டல். ஜோடி எப்படி?

முட்டலை நான் மறுக்கவில்லை. ஆனால் மாட்டுக்கார வீட்டில் பிறந்தவளுக்கு முட்டல் என்றால் கொம்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இன்னொரு சந்தேகம். கேமராத் திரையில் வெளிச்சம் மிகுந்த இடங்களின் மேல் வரும் எச்சரிக்கை வரியான ஜீப்ரா கோட்டை உச்சத்தின் நூறு சதவீதத்துக்குக் கீழேயும் வைத்துக்கொள்ளலாம். அப்போது ‘முட்டல் எச்சரிக்கை’ என்று போட்டால் முட்டிவிட்டது என்று பொருளா, முட்டப்போகிறது என்று பொருளா?

கோபியிலிருந்து

——

அக்கா, தரைதட்டலைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேனுங்க. கட்டுரையிலும் பேச்சிலும் அந்த ஜோடியைத் தாராளமாகப் புழங்குவோம். பயிற்சி வகுப்பில் ஒரு தடவை சொன்னால் யாரும் மறக்கமாட்டார்கள்.

மென்பொருளின் மெனுப் பட்டியலுக்கு மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. தலை, தரை இரண்டுக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வேறுபாடு, பொருளோ நேர் எதிர். வெயிலில் நின்று சின்னத் திரையைப் பார்க்கிறவர் மாற்றிப் படித்தால் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிடுவார். மேல், கீழ் என்றால் அந்த ஆபத்து இல்லை. கொம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று நினைக்கிறேன். வெளிச்ச அளவுகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் பக்கத்தில் ‘மேல்முட்டல்’ என்று பார்க்கிறவருக்குக் காளை நினைவு வராது. வெறும் ‘முட்டு’ என்று மட்டும் நிறுத்த வேண்டாம், அது முட்டுக்கொடுக்கும் கம்பைச் சொல்வதாகிவிடும்.

ஜீப்ரா பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு நிலைக்கும் இரண்டு சொல் வைப்போம். எண் உச்சத்துக்குப் போய்விட்டதைக் காட்டினால் ‘முட்டல் காட்டி’. போவதற்கு முன்பே சொன்னால் ‘முட்டல் முன்னறிவிப்பு’. கேமராவின் திரை காட்டும் ஹிஸ்டோகிராம் பெரும்பாலும் ஜேபெக்கை வைத்து வரைவது என்பதால், ரா எடுக்கிறவர்களுக்கு அது காட்டுவதே பாதி முன்னறிவிப்புத்தான். அங்கே முட்டியதாகத் தெரிந்தாலும் ரா கோப்பில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கலாம்.

ரா படங்களைத் திருத்தும் டார்க்டேபிள் மென்பொருளின் தமிழாக்கத்துக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன், பார்த்துத் திருத்துங்க:

முட்டல் காட்டியை இயக்கு / நிறுத்து
மேல்முட்டல்: சிவப்பில் காட்டு
கீழ்முட்டல்: நீலத்தில் காட்டு
ஏதேனும் ஒரு நிறம் முட்டினாலும் காட்டு
எல்லா நிறமும் முட்டினால் மட்டும் காட்டு

கடைசி இரண்டு வரியில் ‘நிறம்’ போதுமா, ‘நிறத்தடம்’ (சேனல்) என்று போட வேண்டுமா? எனக்கு நிறம் போதும் என்றுதான் படுகிறது. ஒலிப்பதிவு செய்கிற நண்பர்களும் இந்தச் சொல்லைத் தங்கள் வேலையில் வைத்துப் பார்த்து, ஒட்டுகிறதா என்று எழுதினால் நல்லதுங்க.

சத்தியமங்கலத்திலிருந்து