எஸ்பிடி-எஸ்எக்ஸ் பேடில் தவில் ஒலிகளை ஏற்றிய அனுபவம்

எங்கள் மெல்லிசைக் குழுவில் நெடுங்காலம் இருந்தது, நாம் ஆக்டோபேட் என்றே அழைக்கும் ரோலண்ட் எஸ்பிடி-20; தட்டினால் உள்ளே பதிந்துள்ள வாத்திய ஒலியை எழுப்பும் மின்னணுத் தாளப் பெட்டி அது. அதில் வெளியிலிருந்து எந்த ஒலியையும் ஏற்ற இயலாது என்பதால், கோயில் திருவிழாக் கச்சேரிகளில் தவில் வரவேண்டிய இடங்களை, உள்ளே இருப்பவற்றுள் ஓரளவு நெருங்கிய ஒலியைக் கொண்டு ஒப்பேற்றி வந்தோம். ஒன்பது பேடுகள் (தட்டும் பரப்புகள்) கொண்ட, நாமே ஒலிகளை ஏற்றக்கூடிய எஸ்பிடி-எஸ்எக்ஸ் கைக்கு வந்ததும், எங்களோடு வாசிக்கும் தவில் அண்ணனின் அடிகளையே பதிவுசெய்து ஏற்றினோம்.

ஏற்றும் முறை எளிது. ஒலியை 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக மாற்றி, பென் டிரைவில் எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வெளியிலேயே வைத்து இறக்குமதி செய்யலாம்; அல்லது பெட்டியைக் கணினியோடு இணைத்து வேவ் மேனேஜர் மென்பொருள் வழியாக அனுப்பலாம். காணொளிகளிலிருந்து எடுக்கும் ஒலி பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கும் என்பதால் அதை முன்பே மாற்றிவிடுவது நல்லது. கோப்புகளுக்குக் குறுகிய ஆங்கிலப் பெயர்களே உதவும்.

உண்மையான உழைப்பு அதற்கு முன்னால், ஒலியை வெட்டும் இடத்தில் இருக்கிறது. அடி விழுவதற்கு முன் 20 மில்லி விநாடி மௌனம் கோப்பில் தங்கிவிட்டாலும், பேடைத் தட்டும் கைக்கு ஒலி பின்தங்கி வருவது தெரிந்துவிடும். எம்பி3 கோப்புகளில் இந்தத் தொல்லை கூடுதல், ஏனெனில் அந்தக் குறிமுறையே தொடக்கத்தில் சிறு மௌனத்தைச் சேர்க்கிறது. பின்னர் வேவ் ஆக மாற்றினாலும் அது பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆகவே ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்து, அடி எழும் புள்ளிக்கு மிக அருகில், அலை நடுவிலுள்ள சுழிக்கோட்டைக் கடக்கும் இடத்தில் வெட்ட வேண்டும். வேறிடத்தில் வெட்டினால் தொடக்கத்தில் ‘டிக்’ என்றொரு சத்தம் ஒட்டிக்கொள்ளும். ஒற்றை வாத்தியத்துக்கு மோனோ (ஒரே தடத்தில் பதிவது) போதும், நினைவகத்திலும் ஸ்டீரியோவில் பாதி இடமே பிடிக்கும்.

வெட்டிய ஒலிகளைக் கேட்ட தவில் அண்ணன், “தம்பி, ஒரே அடியையே திரும்பத் திரும்ப அடிக்கிற மாதிரி இருக்கு” என்றார். அவர் சொன்னது சரி. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில், கூடு என்னும் உறை மாட்டிய விரல்கள் மெல்லத் தொடும்போதும் ஓங்கி விழும்போதும் மாறுவது சத்தத்தின் அளவு மட்டுமன்று, ஒலியின் நிறமும்கூட. அதனால் மென்மையான அடியையும் வலுவான அடியையும் தனித்தனியாகப் பதிவுசெய்து, ஒரே பேடில் முதன்மை ஒலியாகவும் துணை ஒலியாகவும் வைத்து, தட்டும் வலுவுக்கேற்ப ஒன்று மற்றொன்றாக மாறும்படி அமைத்தோம். தட்டும் வலுவுக்கேற்ப ஒலியளவை மாற்றும் டைனமிக்ஸ் அமைப்பு இயங்காவிட்டால், எவ்வளவு மெல்லத் தட்டினாலும் ஒரே அளவில்தான் ஒலிக்கும். எல்லாக் கோப்புகளையும் நார்மலைஸ் செய்து ஒரே உயரத்துக்குக் கொண்டுவரும் பழக்கம் பலரிடம் உண்டு. தவிலுக்கு அது கேடு என்பது என் கருத்து, ஏனெனில் மெல்லிய அடிக்கும் வல்லடிக்கும் இடையே இயல்பாக இருந்த இடைவெளி அதில் அழிந்துபோகிறது.

தவிலின் இடப்பக்கமான தொப்பியில் கழியால் அடிக்கும் ஒலிக்கு, புதிய அடி விழுந்ததும் முந்தைய ஒலி நிற்கும் மோனோ முறையும் (முன் சொன்ன மோனோ பதிவு வேறு), வலந்தலைக்கு, ஒலிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒலிக்கும் பாலி முறையும் எனக்குப் பொருந்தின. தொப்பியின் கார்வை ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மேடை ஸ்பீக்கரில் கலங்கலாகிவிடுகிறது. வலந்தலையிலோ முந்தைய அடியின் வால் அறுபடுவது காதில் உறுத்துகிறது. கிட் (பேடுகளுக்கான ஒலித் தொகுப்பு) முடிந்ததும் முழு அமைப்பையும் பென் டிரைவில் சேமித்து, அதைப் பேடின் பையிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

பம்பைக்கும் இதே வழி நன்றாக அமைந்தது. உருமிக்கு மட்டும் அமையவில்லை. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த இழுப்பு, ஒவ்வொரு முறையும் நீளத்திலும் சுருதியிலும் மாறிக்கொண்டே செல்வது. ஒரு தட்டுக்கு ஒரு கோப்பு என்ற முறைக்குள் அது அடங்குவதில்லை. குட்டை, நெடில் என்று சில இழுப்புகளைத் தனித்தனிப் பேடுகளில் வைத்து, மியூட் குரூப் மூலம் ஒன்று தொடங்கினால் மற்றொன்று நிற்கும்படி செய்திருக்கிறேன். பாடலுக்கு இடையே வந்துபோகும் சிறு துணுக்குகளுக்கு அது போதும். உருமியே முன்னின்று நடத்தும் பாட்டென்றால் உருமிக்காரரை அழைத்துவிடுகிறோம்.