அமெரிக்கா பலம் குறையுதுன்னா அதை நம்பி இருக்கற நாடுங்க என்ன பண்ணும்? பெரிய போர் வருமா?

காவேரிப்பட்டணத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஏற்றுமதி பண்ற ஒரு யூனிட்ல டாக்குமெண்ட் வேலை பாக்கறேன். 2023 கடைசில ஏமன்ல இருக்கற ஹூத்தி ஆயுதக்குழு செங்கடல்ல கப்பலை அடிக்க ஆரம்பிச்சாங்க இல்லையா, அப்ப இருந்து ஐரோப்பா போற கண்டெய்னருங்க ஆப்பிரிக்காவ சுத்திகிட்டு போச்சு, வாடகை ஏறிச்சு, சரக்கு போய் சேர பத்து நாளுக்கு மேல கூட ஆச்சு. அமெரிக்க கடற்படை அங்கயே நின்னுச்சு, ஏமன் மேல குண்டும் போட்டாங்க, அப்பவும் பெரிய கப்பல் கம்பெனிங்க உடனே அந்த வழிக்கு திரும்பல. அதை பாத்ததுல இருந்து ஒரே யோசனை. கடல் பாதையை நான் பாத்துக்கறேன்னு இத்தனை வருஷம் நின்ன நாட்டால இது முடியலன்னா, அதோட பாதுகாப்பை நம்பியே இருக்கற ஜெர்மனி, ஜப்பான், தென்கொரியா எல்லாம் என்ன பண்ணுவாங்க? பெரிய நாடுங்களுக்குள்ள போர் வர்ற சான்ஸ் கூடுமா குறையுமா? என் தம்பி என்னடான்னா அமெரிக்கா ஒதுங்குனா சண்டையும் ஒதுங்கிடும்ங்கறான். எனக்கு அப்படி தோணல, ஆனா ஏன்னு சொல்ல தெரியல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாரமகால் வாத்தியார்:
தம்பி, இந்த கேள்விக்கு நம்ம ஊர் வரலாறுலயே பாதி பதில் இருக்குது. 1792ல திப்பு கிட்ட இருந்து பாரமகால் கிழக்கிந்திய கம்பெனி கைக்கு போச்சு, அதாவது இன்னைக்கு இருக்கற தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கமெல்லாம். அப்ப கர்னல் ரீடுக்கு கீழ தர்மபுரில இருந்து நிலவரி வேலை பாத்தவர் தாமஸ் மன்றோ. அதே மன்றோ 1817ல கவர்னர் ஜெனரலுக்கு ஒரு கடிதம் எழுதறார், துணைப்படைத் திட்டத்தை பத்தி. கம்பெனி படையை சம்பளம் குடுத்து பக்கத்துல வச்சிக்கிட்ட ராஜாவுக்கு வெளி எதிரி பயமும் இல்ல, உள்ளூர் ஜனங்க எதிர்ப்பாங்கன்ற பயமும் இல்ல, அதனால அந்த அரசாங்கம் பலவீனமாவும் கொடுமையாவும் ஆகிடும்னு தன் சொந்த அரசாங்கத்துக்கே எழுதறார். இன்னைக்கு ஐரோப்பால கொடுமை இல்ல, பலவீனம் இருக்குது. ஜெர்மனி ஒண்ணு சேர்ந்தப்ப சுமார் 5 லட்சம் பேர் ராணுவத்துல இருந்தாங்க, இப்ப 1.8 லட்சம் சொச்சம். 2022ல உக்ரைன் போர் வந்த பிறகு தான் 100 பில்லியன் யூரோ தனி நிதி ஒதுக்குனாங்க, 2025ல ஹேக் மாநாட்டுல நேட்டோ ராணுவக் கூட்டணி நாடுங்க 2035க்குள்ள ஜிடிபில 5 சதவீதம் பாதுகாப்புக்கும் அது சார்ந்ததுக்கும் செலவு பண்றோம்னு ஒத்துக்கிட்டாங்க.
ஆனா சோம்பேறித்தனம்னு அவங்க மேல மட்டும் பழி போடறது தப்பு. இப்படி நம்பி இருக்கறதை வாஷிங்டனும் விரும்புச்சு. 1970கள்ல தென்கொரியா சொந்தமா அணுகுண்டு செய்ய பாத்தப்ப தடுத்தது அமெரிக்கா தான், எங்க அணு ஆயுத பாதுகாப்பு குடை இருக்குது உங்களுக்கு எதுக்குன்னு. இப்ப குடை நிக்குமான்னு சந்தேகம் வந்ததும் அங்க கருத்துக்கணிப்புல பாதிக்கு மேல ஜனங்க சொந்த குண்டு வேணும்ங்கறாங்க. உங்க தம்பி கிட்ட இதை சொல்லுங்க. பெரியவன் ஒதுங்குனா சின்னவன் சும்மா இருக்க மாட்டான், அவன் அவன் ஆயுதம் தேடுவான்.

ஓசூர் மெஷின்ஷாப்:
வாத்தியார் சார் சொன்னது சரி ஆனா "அமெரிக்கா முடிஞ்சிது"ன்னு யூடியூப்ல கத்தறவங்களை நம்பாதீங்க. உலக ஜிடிபில கால்வாசி இன்னும் அவங்க கிட்ட, நாடுங்க கையிருப்பா வச்சிருக்கற அந்நிய பணத்துல பாதிக்கு மேல டாலர். இறங்கிட்டது எங்கன்னா ஃபேக்டரில. நான் சிஎன்சி லைன்ல வேலை பாக்கறவன் அதனால எனக்கு அது தான் கண்ணுல படுது. உலகத்துல கட்டற வணிக கப்பல்ல பாதிக்கு மேல சீனா கட்டுது, அமெரிக்கா ஒரு சதவீதம் கூட இல்ல. உக்ரைன் போருக்கு முன்னாடி 155 எம்எம் பீரங்கி குண்டு மாசத்துக்கு சுமார் 14,000 தான் அவங்களால செய்ய முடிஞ்சிது, போர் வந்த பிறகு அது சில நாள் செலவுக்கு கூட காணல. பணத்தை கொட்டுனா லைன் வந்துடும்னு வெளில இருக்கறவங்க நினைக்கறாங்க, வராது சார், வெல்டர், டூல் ரூம் ஆள், ஃபோர்ஜிங் தெரிஞ்சவன் எல்லாம் ஒரு தலைமுறை போய்ட்டா திரும்ப உருவாக்க பத்து பதினஞ்சு வருஷம் ஆகும். இன்னொண்ணு, 2024ல இருந்து கடனுக்கு கட்டற வட்டியே அவங்க ராணுவ செலவை தாண்டிடுச்சு.
ஆனா தைவான்ல இருந்து ஐரோப்பால பால்டிக் நாடுங்க வரைக்கும் காப்பாத்தறேன்னு குடுத்த வாக்கு ஒண்ணு கூட குறையல. பயம் அங்க தான். சீட்டு பிடிக்கறவர் மேல நம்பிக்கை இருக்கற வரைக்கும் யாரும் பணம் கேக்க மாட்டாங்க, சந்தேகம் வந்துட்டா எல்லாரும் ஒரே நாள்ல வாசல்ல நிப்பாங்க. ஐரோப்பா, மேற்காசியா, தைவான் மூணும் ஒண்ணா வந்தா அந்த குண்டும் கப்பலும் பத்தாது.

காவேரிப்பட்டணத்தான்:
நன்றி சார், இது புரியுது. ஆனா வாக்கு குடுத்துட்டு கடைசில வரமாட்டேன்னுட்டா போர் தவிர்ந்துடும் தானே? அப்படி பாத்தா விலகறதே நல்லது இல்லையா?

பாரமகால் வாத்தியார்:
அதுக்கும் நம்ம பக்கத்துலயே சாட்சி இருக்குது தம்பி. 1769ல மெட்ராஸ்ல கம்பெனியும் ஹைதர் அலியும் ஒப்பந்தம் போட்டாங்க, ஒருத்தர் மேல படையெடுப்பு வந்தா இன்னொருத்தர் உதவணும்னு. கொஞ்ச வருஷத்துலயே மராட்டியர் மைசூர் மேல வந்தாங்க, கம்பெனி கை கட்டி நின்னுச்சு. ஹைதர் அதை மறக்கவே இல்ல. 1780ல பெரும் படையோட செங்கம் கணவாய் வழியா இறங்கி ஆற்காடு நவாப்போட கர்நாடக சீமையையே எரிச்சார். 1994ல புடாபெஸ்ட்ல உக்ரைன் அணு ஆயுதத்தை குடுத்துட்டு எல்லையை மதிப்போம்னு ரஷ்யாவும் மத்தவங்களும் எழுதி குடுத்த உறுதிமொழிக்கு என்ன ஆச்சுன்னு பாத்தவங்க யாரும் இனி காகிதத்தை நம்பி ஆயுதத்தை குடுக்க மாட்டாங்க. ஹைதருக்கு அன்னைக்கு காப்பாத்தாத வாக்கு பத்து வருஷம் கழிச்சு போரா வந்துச்சு.

அரூர் கயல்:
அண்ணா, எல்லாரும் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். தலைவர் நாடு நம்பி இருக்கறவனை கைவிடறது ஒரு ஆபத்துன்னா, கைவிட்டா தன் மரியாதை போய்டும்னு அவன் பின்னாடியே போர்ல இறங்கறது அதைவிட பெரிய ஆபத்து. 1914 ஜூலைல ஆஸ்திரியா செர்பியாவை என்ன பண்ணாலும் கூட நிக்கறோம்னு ஜெர்மனி வாக்கு குடுத்துச்சு. ஆஸ்திரியா தான் அவங்களுக்கு மிச்சம் இருந்த ஒரே உருப்படியான கூட்டாளி, அதை இழக்க பயந்தாங்க, ரஷ்யா இன்னும் சில வருஷத்துல வளந்துடும் அதனால இப்பவேன்ற எண்ணமும் இருந்துச்சு. அந்த போர் ஆரம்பிச்சு ரெண்டு மாசம் கூட ஆகல, செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மெட்ராஸ் துறைமுகத்துல எண்ணெய் டேங்க்கை எரிச்சிட்டு போச்சு. நமக்கு தூரம்னு யாரும் நினைக்க வேணாம்.
அப்ப அணுகுண்டு இல்ல, இப்ப இருக்குது. ஓசூர் பக்கத்துல தொரப்பள்ளில பொறந்த ராஜாஜி 83 வயசுல, 1962 செப்டம்பர்ல, வாஷிங்டன் போய் கென்னடியை நேர்ல பாத்து அணுகுண்டு சோதனையை நிறுத்துங்கன்னு கேட்டார். அடுத்த மாசமே கியூபா ஏவுகணை நெருக்கடி, அமெரிக்காவும் சோவியத்தும் அணு ஆயுதப் போர் விளிம்புக்கே போய்ட்டாங்க. 1963ல சோதனை தடை ஒப்பந்தம் வந்துச்சு, பிறகு ஒண்ணு ஒண்ணா மத்ததும் வந்துச்சு. எனக்கு தூக்கம் கெடுக்கறது ஜிடிபி இல்லண்ணா, அந்த ஒப்பந்தங்க போற வேகம். ஏவுகணை தடுப்பு ஒப்பந்தத்துல இருந்து 2002ல அமெரிக்கா வெளிய வந்துச்சு, நடுத்தூர ஏவுகணை ஒப்பந்தம் 2019ல போச்சு, அமெரிக்கா, ரஷ்யா ரெண்டு பக்கமும் தயார் நிலைல தலைக்கு 1,550 நெடுந்தூர அணுகுண்டுன்னு வரம்பு வச்ச நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தோட ஆயுசும் 2026 பிப்ரவரி 5ஓட முடிஞ்சிது, அதுலயும் ரஷ்யா 2023லயே ஒதுங்கிடுச்சு. இந்த மாதிரி எண்ணிக்கை வரம்பு எதுக்குள்ளயும் சீனா என்னைக்கும் வந்ததே இல்ல. உங்க தம்பி கிட்ட கேளுங்க, அமெரிக்கா ஒதுங்குனா இந்த மூணு பேரையும் ஒரே மேசைல உக்கார வைக்கப் போறது யாருன்னு.