தேன் வாங்கியவர்கள்கூட மெயிலைக் கண்டுகொள்வதில்லை, எங்கே தப்பு?

மார்த்தாண்டம்_தேனீ:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு மார்த்தாண்டம் பக்கத்தில் தேன் தொழில். அப்பா பெட்டி வைத்துத் தேன் எடுக்கிறார், நான் நான்கு வருஷமாக அதை ஆன்லைனில் விற்கிறேன், கூடவே கிராம்பு, நல்லமிளகு, கருப்பட்டி. வெப்சைட்டில் வாங்கியவர்களின் மெயில் முகவரியும், கன்னியாகுமரியில் ஸ்டால் போட்டபோது சுற்றுலா வந்தவர்கள் நோட்டில் எழுதிக் கொடுத்ததும் சேர்த்து 3,800 பேர் லிஸ்ட்டில் இருக்கிறார்கள். எல்லா வெள்ளிக்கிழமையும் காலை பத்து மணிக்கு ஒரு மெயில் போகும். முதல் வருஷம் நன்றாக இருந்தது, மெயில் போன அன்றைக்கே பதினைந்து இருபது ஆர்டர் வரும். இப்போது ரெண்டு வந்தால் பெரிய விஷயம். ஆனால் ஓப்பன் ரேட், அதாவது எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்ற கணக்கு மட்டும் அப்படியே நிற்கிறது, அதுதான் எனக்குப் புரியவில்லை.

போன வருஷம் ஒரு ஏஜென்சியிடம் கொடுத்தோம். அவர்கள் போஸ்டர் மாதிரி அழகாக டிசைன் பண்ணி, சப்ஜெக்ட்டில் தேனீ எமோஜி எல்லாம் போட்டு அனுப்பினார்கள். நிலைமை இன்னும் மோசமானதுதான் மிச்சம். சப்ஜெக்ட் லைனை மாற்றணுமா, நேரத்தை மாற்றணுமா, இல்லை மெயிலை யாருமே படிக்காத காலம் வந்துவிட்டதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சர்வர்_சாமி:

முதலில் ஒன்று கேட்கிறேன், அனுப்புநர் முகவரி என்ன? உங்கள் கடை டொமைனா (வெப்சைட் பெயரிலேயே இருக்கிற முகவரி), இல்லை ஜிமெயில் முகவரியையே மொத்தமாக மெயில் அனுப்பும் சர்வீஸில் கொடுத்து வைத்திருக்கிறீர்களா? இரண்டாவது என்றால் எமோஜியைப் பற்றி யோசித்துப் பிரயோஜனமில்லை, பாதி மெயில் ஸ்பேமில்தான் கிடக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு விதியை இறுக்கிவிட்டன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்பினால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று, மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் மூன்று பதிவுகளும் வேண்டும், ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் வேண்டும். நமக்கு 3,800தானே என்று விட்டுவிடாதீர்கள், குறைவாக அனுப்புகிறவர்களுக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் கட்டாயம். வேறு சர்வரிலிருந்து ஜிமெயில் முகவரி போட்டு வரும் மெயிலைப் பார்த்தால் யாரோ ஆள்மாறாட்டம் செய்வதாகத்தான் கூகுள் எடுத்துக்கொள்ளும்.

ஓப்பன் ரேட் ஏன் குறையவில்லை என்றால், அது பொய்க் கணக்கு. மெயிலுக்குள் ஒரு கண்ணுக்குத் தெரியாத படம் இருக்கும், அது லோட் ஆனால் 'திறந்தார்' என்று பதிவாகும், அவ்வளவுதான் அந்தக் கணக்கு. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்தபோது ஆப்பிள் மெயிலில் ஒரு பாதுகாப்பு வசதி வந்தது, அதை ஆன் பண்ணியிருந்தால் ஆள் மெயிலைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் படத்தை ஆப்பிள் சர்வரே முன்கூட்டி இறக்கிவிடும். உங்கள் லிஸ்ட்டில் ஐஃபோன்காரர்கள் கூடக்கூட அந்த எண்ணும் தெம்பாகவே நிற்கும். அதைப் பார்க்காதீர்கள். எத்தனை பேர் கிளிக் பண்ணினார்கள், எத்தனை பேர் பதில் போட்டார்கள், எத்தனை ஆர்டர் வந்தது, இதை மட்டும் எழுதி வையுங்கள்.

அந்தப் போஸ்டரையும் தூக்குங்கள். மொத்த மெயிலும் ஒரே படம் என்றால், படம் லோட் ஆகாத போனில் வெறும் வெள்ளைக் கட்டம்தான் தெரியும். இன்னொன்று, மெயிலின் ஹெச்டிஎம்எல், அதாவது படங்கள் நீங்கலாக உள்ளே இருக்கிற எழுத்தும் கோடும், 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் கீழ்ப்பகுதியை வெட்டி, முழுதும் பார்க்க இங்கே தட்டவும் என்று போட்டுவிடும். தமிழ் எழுத்து ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8ல் (கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கும் முறை) 3 பைட் பிடிக்கும், 'கொ' என்று எழுதினாலே 6. எழுத்து மட்டும் என்றால் பயமில்லை, எங்கிருந்தோ காப்பி அடித்து ஒட்டிய டெம்ப்ளேட் குப்பையோடு சேரும்போதுதான் தாண்டும். வெட்டும்போது கீழே இருக்கிற விலகும் லிங்க்தான் முதலில் மறையும். விலக வழி தெரியாதவன் என்ன செய்வான், ஸ்பேம் என்று அழுத்துவான். அந்தப் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது கூகுள், அதாவது ஆயிரம் பேரில் மூன்றே பேர். மூன்று பேர் எரிச்சல்பட எவ்வளவு நேரம் ஆகும்?

குளச்சல்_கடல்காத்து:

மக்களே, மெயிலெல்லாம் யார் பார்க்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்டேட்டஸ் போட்டால் அரை மணி நேரத்தில் தேன் தீர்ந்துவிடும். விட்டுத்தள்ளு.

வடசேரிக்காரி:

கடல்காத்து அண்ணே, ஸ்டேட்டஸ் பார்ப்பது நம் நம்பரைச் சேவ் பண்ணியவர்கள் மட்டும்தான். ஒரு தடவை வாங்கிவிட்டுப் போன பெங்களூர்க்காரர் எதற்கு நம் நம்பரைச் சேவ் பண்ணப் போகிறார்? கம்பெனிக் கணக்கில் மொத்தமாக மார்க்கெட்டிங் மெசேஜ் அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் காசு. உள்ளூருக்கு வாட்ஸ்அப் சரி, வெளியூருக்கு மெயில்தான்.

தேனீ தம்பி, நான் வடசேரியில் கோயில் நகை செய்கிற குடும்பம். வெள்ளியில் கெம்புக் கல் பதித்த தலைசாமான், ஜடை, ராக்கொடி எல்லாம் பரதநாட்டியக்காரர்களுக்குப் போகும். நானும் உங்களை மாதிரியேதான் ஆரம்பித்தேன், 10% தள்ளுபடி, 15% தள்ளுபடி, கடைசி நாள், மறுபடியும் கடைசி நாள். வாரம் வாரம் கடைசி நாள் என்றால் யார் நம்புவார்கள்? நம் மெயில் வந்தாலே ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று ஆட்களுக்குப் பழகிவிடும், கந்துவட்டிக்காரனைப் பார்த்த மாதிரி.

ஒருநாள் வெறுத்துப்போய், சப்ஜெக்ட்டில் "சூரியன் எந்தப் பக்கம்?" என்று மட்டும் போட்டு, ஆடுகிற பிள்ளையின் தலையில் சூரியப்பிரபை வலது பக்கம், சந்திரப்பிரபை இடது பக்கம் வரணும், கண்ணாடியைப் பார்த்தபடி பிள்ளைக்கு அம்மா கட்டிவிடும்போதுதான் மாறிப்போகிறது என்று எட்டு வரி எழுதினேன். விலை இல்லை, ஆஃபர் இல்லை. உங்கள் வீட்டில் எப்போதாவது மாறியிருக்கிறதா என்று கடைசியில் ஒரு கேள்வி. அன்றைக்கு வந்த பதில்களைப் படிக்கவே எனக்கு ராத்திரி ஆகிவிட்டது. அரங்கேற்றப் போட்டோவை அனுப்பி, ஐயோ மாற்றித்தான் போட்டிருக்கிறோம் என்று ஒரு அம்மா. அதில் நாலு பேர் பிறகு செட் வாங்கினார்கள், அது வேறு கதை. ஆனால் பதில் போட்டவர்களுக்கு அடுத்த மெயில் தவறாமல் இன்பாக்ஸிலேயே போய் விழுந்தது. பதில் போடாதே என்கிற முகவரியிலிருந்து மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

அப்புறம் நேரம் என்றால் மணி அல்ல, மாதம். சென்னையில் மார்கழிக் கச்சேரிக்கு ஆடுகிறவருக்கு டிசம்பரில் நகை மெயில் அனுப்பி என்ன பயன், செய்துகொடுக்கவே எங்களுக்கு வாரக்கணக்கில் ஆகும், அதனால் ஆகஸ்ட்டிலேயே எழுதிவிடுவேன். கல்யாணத்துக்கு வாங்கியவர்களுக்கு அந்த மெயில் போகாது. அவர்களுக்கு நகை கறுக்காமல் எடுத்து வைப்பது எப்படி என்று வருஷத்துக்கு ரெண்டு தடவை போகும், போதும். உங்கள் தேனுக்கும் அப்படி ஒரு காலம் இருக்குமே?

குவைத்_கருங்கல்காரன்:

நான் மெயில் வாங்குகிற பக்கம் இருக்கிறவன், கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன், வருத்தப்படாதே தம்பி. ஊரில் அம்மாவுக்கு அனுப்பச் சொல்லி உன்னை மாதிரி ஒரு கடையில் ஒரே ஒருமுறை கருப்பட்டி வாங்கினேன். அன்றிலிருந்து வாரம் ஒரு மெயில். ஒவ்வொரு மெயிலின் தலையிலும் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்த வரலாறு. நல்ல வரலாறுதான், நம் ஊர்ப் பெருமைதான், ஆனால் நாற்பதாவது தடவை படிக்க முடியுமா? அதற்குக் கீழே '499 ரூபாய்க்கு மேல் வாங்கினால் இந்தியா முழுவதும் டெலிவரி இலவசம்'. நான் இருப்பது குவைத்தில்!

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி என்றால் இங்கே ஏழரை. வாரத்தில் தூங்கக் கிடைப்பதே வெள்ளியும் சனியும். துபாய்க்காரனுக்கு 2022லிருந்து சனி ஞாயிறு லீவு, வெள்ளி அரைநாள். வளைகுடா என்று எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டாதே. எனக்கு எப்போது மெயில் வேண்டும் தெரியுமா, லீவு முடிந்து திரும்புவதற்கு முந்தின வாரம். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் தேன் கொண்டுபோக முடியாது, செக்-இன் பெட்டியில்தான் போடணும், உள்ளே ஒழுகினால் சட்டை எல்லாம் போச்சு. ஒழுகாமல் பேக் பண்ணி நாகர்கோவிலில் வீட்டில் கொண்டுவந்து தருகிறோம் என்று ஒருத்தன் ஜூலையில் ஒரு மெயில் போட்டால் அவனுக்கு நான் ஆயுள் முழுக்க அடிமை. அதை யாரும் கேட்கவும் இல்லை, போடவும் இல்லை.

மார்த்தாண்டம்_தேனீ:

அண்ணே, அந்த ஒய்.எம்.சி.ஏ. பத்தி எங்கள் மெயிலிலும் இருக்கிறது. நாங்களாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். இன்றைக்கே எடுத்துவிட்டேன்.

சாமி சார் சொன்னது உண்மை, அனுப்புநர் இடத்தில் அப்பாவின் ஜிமெயில்தான் இருந்தது. ஏஜென்சிக்காரர் ஒரு வருஷம் காசு வாங்கினார், இதைப் பார்க்கவே இல்லை. இப்போது டொமைன் முகவரிக்கு மாற்றி, டொமைனின் டிஎன்எஸ் பதிவில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் ஏற்றிவிட்டேன். 3,800 பேருக்கும் நாளைக்கே அனுப்பலாமா?

சர்வர்_சாமி:

வேண்டாம். புது முகவரியிலிருந்து திடீரென்று மொத்தமாகப் போனால் சந்தேகப்படுவார்கள். கடைசி மூன்று மாதத்தில் வாங்கியவர்களுக்கு மட்டும் முதலில் அனுப்புங்கள், முந்நூறு பேர் இருந்தால் முந்நூறு. அடுத்த வாரம் ஆறு மாதத்துக்காரர்கள், அப்படியே கூட்டுங்கள். ஒரு வருஷமாக எதையும் தொடாதவர்களுக்கு 'இன்னும் அனுப்பவா?' என்று ஒரே ஒரு மெயில், பதில் இல்லையென்றால் லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு வருஷம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழித்துவருகிறது, அந்தச் செத்த முகவரிகளுக்கு அனுப்பி அனுப்பித் திரும்பி வந்தால் பெயர் கெடுவது உங்களுக்குத்தான்.

அந்த ஸ்டால் நோட்டு என்ன விவரம்? மெயில் அனுப்புவோம் என்று சொல்லித்தான் எழுத வாங்கினீர்களா?

மார்த்தாண்டம்_தேனீ:

குலுக்கலில் பரிசு என்று சொல்லி வாங்கியது சார்...

சர்வர்_சாமி:

அப்படியானால் அதை மொத்தமாகத் தூக்குங்கள். 2023ல் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது, எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் கேட்கணும். சட்டத்தை விடுங்கள், விவேகானந்தர் பாறையைப் பார்க்க வந்த இடத்தில் குலுக்கலுக்குப் பேர் கொடுத்த நாசிக்காரருக்கு உங்கள் தேன் எதற்கு?

மார்த்தாண்டம்_தேனீ:

எடுத்தாச்சு, 1,400 முகவரி போனது, மனசு கொஞ்சம் வலிக்கிறது. அக்கா சொன்ன மாதிரி ஒன்று எழுதிப் பார்த்தேன், இதைப் போடலாமா?

"ரப்பர் தளிர்விட்டாச்சு. வணக்கம், நான் மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும் நேரம் இது. ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, தளிரின் மூன்று இலைகளும் காம்போடு சேரும் இடத்தில் இனிப்பு நீர் சுரக்கும், தேனீ அதைத்தான் எடுக்கிறது. அப்பா நேற்று முதல் பெட்டியைத் திறந்து பார்த்தார், அடை பாதிதான் மூடியிருக்கிறது, இன்னும் பத்து நாள் பொறுக்கணும் என்றார். போன வருஷம் வாங்கிய தேன் உங்கள் வீட்டில் உறைந்துவிட்டதா? உறைந்தால் சர்க்கரை கலந்தது என்று அர்த்தமில்லை, நல்ல தேனும் உறையும், பாட்டிலை இளஞ்சூட்டு வெந்நீரில் வைத்தால் இளகிவிடும். உறைந்திருந்தால் ஒரு வரி பதில் போடுங்கள்."

வடசேரிக்காரி:

அடை பாதிதான் மூடியிருக்கிறது என்ற இடம் அருமை தம்பி, அதைத்தான் சப்ஜெக்ட்டில் போடணும், 'ரப்பர் தளிர்விட்டாச்சு' என்றால் சென்னைக்காரருக்கு ஒன்றும் புரியாது. முதல் வரியில் நான் யார் என்பதை எடுத்துவிடுங்கள், அனுப்புநர் பெயரிலேயே உங்கள் பெயரும் கடைப் பெயரும் இருக்கட்டும். போனில் சப்ஜெக்ட்டுக்குப் பக்கத்தில் முதல் வரியும் கொஞ்சம் தெரியும், அந்த இடத்தை வணக்கத்துக்குச் செலவழிக்காதீர்கள்.

குளச்சல்_கடல்காத்து:

உறைந்தால் சர்க்கரை இல்லையா? எங்கள் வீட்டில் போன மாதம்தான் ஒரு பாட்டிலைக் கொட்டினோம்.

குவைத்_கருங்கல்காரன்:

எல்லாம் சரி தம்பி, பத்து நாள் கழித்து வாங்க நினைக்கிறவன் எங்கே போய்ச் சொல்வது? விலையும் இல்லை, லிங்க்கும் இல்லை. ஆஃபர் வேண்டாம் என்றால் விலையே வேண்டாம் என்று யார் சொன்னது?

மார்த்தாண்டம்_தேனீ:

கடைசியில் ஒரே வரி சேர்த்துவிட்டேன் அண்ணே: 'பத்து நாளில் எடுப்போம், ஒரு பாட்டில் எடுத்து வைக்கணும் என்றால் இங்கே தட்டுங்கள்', பக்கத்தில் விலை. குவைத்துக்கும் துபாய்க்கும் தனி லிஸ்ட் பிரித்துக்கொண்டிருக்கிறேன், 212 பேர் தேறுகிறார்கள். அவர்களுக்கு இந்த மெயில் போகாது, எப்போது ஊருக்கு வருகிறீர்கள் என்று மட்டும் கேட்டு ரெண்டு வரி போகும். கடல்காத்து அண்ணே, கொட்டின பாட்டில் எங்களுடையது இல்லையே?