பூத்திருப்பது விஷமூங்கிலா, சிலந்தி லில்லியா?

கேள்வி:
விஷமூங்கில் என்று நர்சரியில் கொடுத்த கிழங்கு இப்போது பூத்திருக்கிறது. வெள்ளைப் பூவின் இதழ்கள் ஒல்லியாக வளைந்து தொங்குகின்றன. இருட்டிய பிறகே நல்ல மணம் வருகிறது. பக்கத்து வீட்டு அம்மா இது சிலந்தி லில்லி என்கிறார். எப்படி உறுதி செய்வது? வீட்டில் தவழும் குழந்தை இருப்பதால் நஞ்சைப் பற்றியும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1:
மணத்தை வைத்து முடிவு செய்ய இயலாது. இரவில் வரும் அந்துப்பூச்சிகளுக்காக இரண்டுமே மணக்கும். பூவின் நடுப்பகுதியைப் பாருங்கள். மகரந்தத் தாள்களின் அடியை இணைத்தபடி மெல்லிய வெள்ளைச் சவ்வு கிண்ணமாக நின்றால் அது ஹைமனோகாலிஸ், அதாவது சிலந்தி லில்லி. கிண்ணமே இல்லாமல், தாள்கள் தனித்தனியாக, மேற்பகுதியில் செந்நிறம் ஏறி நின்றால் அது கிரைனம் ஆசியாட்டிகம் என்னும் விஷமூங்கில். இரண்டும் அமரில்லிஸ் குடும்பமே என்றாலும் முன்னது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. பின்னது நம் கடற்கரைகளிலும் இயல்பாக வளர்வது.

மறுமொழி 2:
கிண்ணம் ஒன்றே போதாது. இந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வளரும் பங்க்ராஷியம் செய்லானிக்கம் என்ற சிறு செடிக்கும் அந்தக் கிண்ணம் உண்டு. ஆனால் அதில் பெரும்பாலும் தண்டுக்கு ஒரு பூதான். காய் பிடித்தால் ஐயமே எழாது: பங்க்ராஷியத்தின் விதை கறுப்பாக உலர்ந்திருக்கும், ஹைமனோகாலிஸின் விதை பச்சையாகச் சதைப்பற்றுடன் இருக்கும். விஷமூங்கிலின் பருத்த விதையோ தக்கை போன்ற மேலுறையால் கடல்நீரில் மிதந்து கரை சேர்ந்து முளைக்கக்கூடியது; மண்ணும் நீரும் இல்லாமல் மேசைமேல் கிடந்தே முளைவிடும் என்பதால், எனக்கு இந்தக் குடும்பத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

கேள்வி கேட்டவர்:
கிண்ணம் தெளிவாகத் தெரிகிறது. ஒரே தண்டில் பல பூக்கள் உள்ளன. அப்படியானால் சிலந்தி லில்லிதான். அது நஞ்சற்றதா?

மறுமொழி 3:
இல்லை. இரண்டிலும் லைகோரின் என்னும் ஆல்கலாய்டு இருக்கிறது. தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். வெங்காயத்தை ஒத்திருக்கும் கிழங்கில்தான் நஞ்சு மிகுதி, ஆகவே பிரித்து நடும்போது எடுத்த கிழங்குகளைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். சாறு சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்குவதால் கையுறை நல்லது. குழந்தை வளரும்வரை தொட்டியை மாடிக்கு மாற்றிவிடுங்கள். வெயில் கிடைத்தால் அங்கும் நன்றாகவே பூக்கும்.