ஐ.நா. ஒப்பந்தங்கள் இத்தனை இருந்தும் கள்ளத் துப்பாக்கி எப்படி எல்லை தாண்டுகிறது?

குறிஞ்சி:
போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாடுகளுக்கிடையே ஆயுதம் விற்பதை ஒழுங்குபடுத்தும் ஆயுத வணிக ஒப்பந்தம் பற்றிக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். 2013 ஏப்ரல் 2 அன்று ஐ.நா. பொதுச் சபையில் 154 நாடுகள் ஆதரவு, ஈரான், வட கொரியா, சிரியா மூன்றும் எதிர்ப்பு, இந்தியா எந்தப் பக்கமும் வாக்களிக்கவில்லை, 2014 டிசம்பர் 24 முதல் நடைமுறை. எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது, விஷயம்தான் புரியவில்லை. அதற்கு முன்பே 2001இல் சிறு ஆயுதங்களுக்கென்று ஒரு செயல்திட்டம், 2005இல் துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று தடமறியும் ஏற்பாடு என்று வரிசையாக இருக்கின்றன. இவ்வளவும் இருந்தும் கடத்தல் நிற்கவில்லையே, ஓட்டை எங்கே? அப்புறம், இந்தியா ஏன் ஒதுங்கி நின்றது?

பழைய சரக்கு:
முதலில் துப்பாக்கியைக் கஞ்சா மாதிரி நினைக்காதீர்கள். கஞ்சா விதைக்கும்போதே கள்ளச் சரக்கு. துப்பாக்கி அப்படியில்லை, நாட்டுத் துப்பாக்கிப் பட்டறைகளை விட்டுவிட்டால் பெரும்பாலும் உரிமம் பெற்ற ஆலையில், வரிசை எண்ணோடு, முறையான ரசீதோடுதான் பிறக்கிறது. நடுவில் எங்கோ ஒரு தாளில்தான் தடம் மாறுகிறது.

புருலியா வழக்கைப் படித்துப் பாருங்கள். 1995 டிசம்பர் 17 இரவு மேற்கு வங்கத்தில் அந்த மாவட்டத்துக் கிராமங்களின் மேல் ஒரு ஆன்டனோவ் விமானம் பாராசூட்டில் பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டுப் போனது, விடிந்து பார்த்தால் வயலில் ஏ.கே. 47 துப்பாக்கிகள். எல்லாம் பல்கேரியாவில் காசு கொடுத்து வாங்கி அந்நாட்டு நகரமான பர்காஸில் ஏற்றியவை. அங்கே காட்டப்பட்டது வங்கதேசத்தின் பெயரில் இருந்த இறுதிப் பயனர் சான்றிதழ், அதாவது 'சரக்கு எங்களுக்குத்தான், வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டோம்' என்று வாங்கும் நாடு எழுதிக்கொடுக்கும் தாள். டாக்காவிடம் கேட்டு உறுதி செய்திருந்தால் கதை பர்காஸிலேயே முடிந்திருக்கும்.

ஆயுத வணிக ஒப்பந்தத்தின் 11ஆவது பிரிவு இப்படிச் சரக்கு திசைமாறுவதைப் பற்றியதுதான். ஆனால் ஏற்றுமதி செய்யும் நாடுதான் முதல் காவல்காரன், லாபமும் அதற்குத்தான். இந்தியாவின் குறையும் ஏறத்தாழ இதுவே: அதிகாரமெல்லாம் விற்பவர் கையில், ஒப்பந்தம் போட்ட பிறகு பாதியில் நிறுத்தினால் வாங்குபவருக்கு என்ன பாதுகாப்பு, தீவிரவாதக் குழுக்களின் கைக்குப் போவதைப் பற்றி வாசகம் ஏன் இவ்வளவு மெலிதாக இருக்கிறது என்பவை. அன்று உலகிலேயே அதிக ஆயுதம் இறக்குமதி செய்த நாடு நாம்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், அந்தக் கணக்கு புரியும்.

வைகைக்கரை:
விமானமெல்லாம் எதற்கு, ஒரு கார் போதும். மெக்சிகோவில் சட்டப்படி துப்பாக்கி வாங்க வேண்டுமென்றால் ராணுவம் நடத்தும் கடைக்குத்தான் போக வேண்டும், எல்லைக்கு வடக்கே அமெரிக்காவின் டெக்சாஸிலும் அரிசோனாவிலும் தெருவுக்குத் தெரு கடை. குற்றப் பின்னணி இல்லாத ஒருவரைப் பினாமியாக வைத்து இரண்டு மூன்றாக வாங்கி, டிக்கியில் போட்டுத் தெற்கே ஓட்டிவிடுகிறார்கள். 2022 வரை அமெரிக்காவில் இதற்கென்று தனி மத்தியச் சட்டம்கூட இல்லை, படிவத்தில் பொய் எழுதினார் என்றுதான் வழக்குப் போடுவார்கள்! மெக்சிகோ அரசு 2021இல் துப்பாக்கி நிறுவனங்கள் மேலேயே வழக்குத் தொடுத்தது, 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக நிறுவனங்கள் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

தடமறிவதும் வேடிக்கைதான். விற்பனைப் பதிவேட்டை நாடு முழுக்க ஒரே இடத்தில் தொகுக்கக் கூடாது என்று அங்கே சட்டம். மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் ஒரு மையம் இருக்கிறது, மூடிப்போன கடைகளின் பதிவுகளெல்லாம் அங்கே படங்களாகக் கிடக்கின்றன, வாங்கியவர் பெயரைத் தட்டித் தேட முடியாது, ஆட்கள் உட்கார்ந்து புரட்ட வேண்டும்.

குறிஞ்சி:
அப்படியானால் இந்த ஒப்பந்தங்கள் எல்லாம் வெறும் சடங்கா?

பழைய சரக்கு:
அப்படியும் சொல்ல மாட்டேன், எண் பொறிப்பதும் பதிவைப் பாதுகாப்பதும் மெதுவாகப் பலன் தரும் வேலை. 2005 ஏற்பாட்டின்படி தயாரிப்புப் பதிவுகளைக் குறைந்தது 30 வருடம் வைத்திருக்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே வெளியே போன துப்பாக்கிகளுக்கு இதனால் பெரிய பயன் இல்லை. 1997இல் அல்பேனியாவில் சீட்டுக் கம்பெனிகள் கவிழ்ந்து (நம்மூரில் பார்த்த கதைதான்) மக்கள் கொதித்தெழுந்தபோது கிடங்குகள் கொள்ளை போய் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் வெளியேறின, ஒரு பகுதி கொசோவோ போருக்குப் போனது. பிறகு கிராம்ஷ் பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஒரு காரியம் செய்தது: துப்பாக்கியை ஒப்படைத்தால் ஆளுக்குப் பணம் இல்லை, ஊருக்குச் சாலை, தொலைபேசி. எனக்கு இது பிடித்த யோசனை, பணம் கொடுத்தால் அதிலேயே ஒரு சந்தை கிளம்பிவிடும்.

நெய்தல்:
குறிப்பில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆயுத வணிக ஒப்பந்தத்தில் அமெரிக்கா 2013இல் கையெழுத்திட்டது, ஆனால் 2019இல் டிரம்ப் அதிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அன்று வாக்களிக்காத சீனா 2020இல் உள்ளே வந்துவிட்டது. தேர்வில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுத்தான் கேட்பார்கள்.