புதுப்பிப்பு: மஞ்சள் வளையம் ஒருவழியாகப் போனது

எவ்வளவு பிளீச் ஊற்றித் தேய்த்தாலும் கழிவறைக் கோப்பைக்குள் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் மஞ்சள் வளையம் போகவே மாட்டேன் என்கிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன் இல்லையா, போய்விட்டது. அது உப்புத் தண்ணீர் விட்டுவைத்த சுண்ணாம்புப் படிவு. பிளீச் கிருமியைக் கொல்லும், கறையை வெளுக்கும், ஆனால் சுண்ணாம்பைக் கரைக்காது, அதற்கு அமிலம்தான் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று சிட்ரிக் அமிலத் தூளை எடுத்தேன். பிரஷ்ஷால் தண்ணீரை உள்ளே தள்ளி மட்டத்தைக் குறைத்து, வளையத்தின் மேல் ஈரமான டிஷ்யூ தாளை ஒட்டி, அதன்மேல் தூளைத் தூவி இரவு முழுக்க விட்டுவிட்டேன். காலையில் தேய்த்தால் செதில் செதிலாக உரிந்து வருகிறது, பார்க்கவே ஒரு திருப்தி!

ஒன்று மட்டும் கவனம்: பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆபத்து. அதனால் இரண்டு நாள் முன்பே பிளீச்சை நிறுத்தி, பலமுறை ஃப்ளஷ் செய்த பிறகுதான் தொட்டேன்.

அப்புறம், கழிவறையில் ஒரு நாற்றம் வருகிறது என்றும் அப்போது சொல்லியிருந்தேனே? அது பிரஷ் ஸ்டாண்டில் தேங்கிய தண்ணீர். இப்போது பிரஷ்ஷை உலரவிட்டுத்தான் வைக்கிறேன்.