மறுமொழி: கணையக் கட்டி – ‘தரம்’ வேண்டாம், ‘வேகப்படி’ வைக்கலாம்

அண்ணா, மற்ற அனைவருக்கும் வணக்கம். கணையத்தின் நரம்புச்சுரப்புக் கட்டி (ஹார்மோன் சுரக்கும் உயிரணுக்களில் தோன்றும் கட்டி) பற்றிய அறிக்கைகளுக்கு நாம் போடும் தமிழ்ச் சொல்பட்டியலுக்கு அண்ணா எழுதியது இது:

> கிரேடுக்குத் ‘தரம்’, ஸ்டேஜுக்கு ‘நிலை’. பழகிய சொற்கள், இதோடு முடித்துவிடலாம்.

நிலை சரி அண்ணா, ஆனால் தரத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நம் மலையில் தரம் என்றதும் தேயிலைதான் நினைவுக்கு வரும், முதல் தரம் என்றால் நல்ல விலை. புற்றுநோய் அறிக்கையில் ‘மூன்றாம் தரம்’ என்று படிக்கிறவருக்கு என்ன புரியும்?

கோத்தகிரிப் பக்கம் ஆய்வகத்தில் இருப்பதால், கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை முடித்து வருகிறவர்கள் அறிக்கையை நீட்டிப் படித்துச் சொல்லக் கேட்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவின் மகன், ‘ஜி2’ (கிரேடு 2) என்றிருந்ததை இரண்டாம் ஸ்டேஜ் என்று எடுத்துக்கொண்டு கலங்கிப்போய் வந்தார். அதே தாளில் கட்டி 1.5 செ.மீ., கணையத்துக்குள்ளேயே இருக்கிறது, நிணநீர்க் கணுக்களில் எதுவும் இல்லை, கி-67 (பெருகும் அணுக்களைக் காட்டும் புரதம்) 4% என்று இருந்தது. வேறு உறுப்புக்கும் போகவில்லை. ஸ்டேஜ் கணக்கில் அது முதல் நிலை.

ஜி என்பது கட்டி பெருகும் வேகம். கி-67ஐக் காட்டச் சாயமேற்றிய திசுவில் பழுப்பாகத் தெரியும் உட்கருக்கள் பெருகிக்கொண்டிருப்பவை, நீலமாக இருப்பவை சும்மா இருப்பவை. பழுப்பு நெருக்கமாக உள்ள இடத்தில் குறைந்தது 500 உயிரணுக்களை எண்ணி, பழுப்பானவை 3%க்குக் கீழே என்றால் 1, 20% வரை 2, அதைத் தாண்டினால் 3. பிரிந்துகொண்டிருக்கும் அணுக்களையும் 2 சதுர மி.மீ. பரப்பில் எண்ணுவோம், இரண்டில் எது கூடுதல் படியைக் காட்டுகிறதோ அதுதான் கணக்கு. அதனால் ‘வேகப்படி’. ஸ்டேஜ் என்பது கட்டியின் அளவு, கணு, கல்லீரல் என்று எதுவரை போயிருக்கிறது என்பது, அதற்கு ‘பரவல்நிலை’ என்று முழுதாகவே எழுதலாம். கல்லீரலுக்குப் போய்விட்ட இரண்டு பேரும் நான்காம் பரவல்நிலைதான், ஆனால் வேகப்படி 1 உள்ளவர் பல வருடம் இருக்கக்கூடும், 3 உள்ளவருக்கு அந்த அவகாசம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்தால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

அப்புறம், இந்த இழையில் யாரும் தொடாத மூன்றாவது சொல் ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய கவலை. ‘வெல் டிஃபரன்ஷியேட்டட்’ என்பதை ‘நன்கு வேறுபட்ட கட்டி’ என்று எழுதுகிறோமே, எதிலிருந்து வேறுபட்டது? இயல்பான அணுவிலிருந்து என்றுதான் யாரும் படிப்பார்கள், பொருள் நேர் எதிர். எந்த அணுவிலிருந்து தோன்றியதோ அந்தத் தாய் அணுவைப் போலவே இருக்கிறது என்பதுதான் அங்கே சொல்ல வந்தது. 2010 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் கி-67 20%ஐத் தாண்டிய எல்லாமே ஒரே பெட்டியில் கிடந்தன. 2017இல் கணையத்துக்கு அதைப் பிரித்தார்கள்: வேகம் கூடியும் தாய் அணுவின் அமைப்பை விடாத கட்டி ஒன்று, அமைப்பே சிதைந்த புற்று இன்னொன்று. மரபணுவிலும் இரண்டும் வேறு, முதலாவதில் டாக்ஸ், ஏடிஆர்எக்ஸ் மாற்றங்கள் வரும், இரண்டாவதில் டிபி53, ஆர்பி1. பிளாட்டினம் சார்ந்த கீமோ மருந்து இரண்டாவதற்குத்தான் முதல் தேர்வு, முதலாவது அதற்கு அவ்வளவாக மசியாது. வேகப்படி 3 என்று மட்டும் எழுதினால் இவை இரண்டும் திரும்பவும் ஒன்றாகிவிடும்.

அதற்கு நான் வைப்பது ‘சாயல்’. அப்பா சாயல், அம்மா சாயல் என்று வீட்டில் சொல்வதுதான். சாயல் மாறாத கட்டி, சாயல் இழந்த புற்று. அறிக்கையில் சாயல், வேகப்படி, பரவல்நிலை என்று இந்த வரிசையிலேயே வரட்டும்.

கி-67ஐத் தமிழாக்க வேண்டாம், ஜெர்மனியின் கீல் நகரத்தின் பெயர் அதில் இருக்கிறது, பெயர்ச்சொல்லாகவே விடலாம். ‘நரம்புச்சுரப்புக் கட்டி’ எனக்குச் சம்மதம்.

‘வேகப்படி’ பயணப்படி மாதிரி ஒலிக்கிறது என்று யாராவது சொல்வீர்கள், அப்படியானால் ‘பெருகுபடி’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘வேறுபட்ட’வை மட்டும் எடுத்துவிடுங்கள் அண்ணா, இந்த வாரம் பட்டியல் அச்சுக்குப் போவதற்குள்.